இரண்டாவது வீடு: தனி வீடா, அடுக்குமாடியா?

இரண்டாவது வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் சன்னலைத் திறந்து வெளியே என்ன தெரிகிறது என்று பார்ப்பார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும்போது வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பது பிறகுதான் உறைத்தது.

தனி வீட்டின் சுகமே தனி. மண் இருக்கிறது, மரம் வைக்கலாம், யாரையும் கேட்காமல் சுவரை இடிக்கலாம். ஆனால் பூட்டிய தனி வீட்டுக்குப் பெரிய எதிரி, திருடனைவிடத் தண்ணீர்தான். மொட்டை மாடியில் மழைநீர் போகும் ஓட்டையை ஒரு கை சருகு அடைத்தால் போதும். நீர் தேங்கி, விரிசல் தேடி உள்ளே இறங்கும். நனைந்த பலகையிலும் மெத்தையிலும் ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். நாம் போய்ப் பார்ப்பதோ இரண்டு மாதம் கழித்து. கரையானும் அப்படியே. சுவரோரம் பென்சில் தடிமனில் மண் கோடு ஏறும். ஆள் இருந்தால் அன்றைக்கே கண்ணில் படும்.

அடுக்குமாடியில் கூரையும் வடிகாலும் பொதுக் கணக்கு. எதிர்வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கும். பதிலுக்கு, நீங்கள் எட்டிப் பார்க்காத மாதத்துக்கும் பராமரிப்புக் கட்டணம் கட்டியாக வேண்டும். இடையில் வாடகைக்கு விடலாம் என்று நினைத்திருந்தால், வீட்டை வாங்குவதற்கு முன்பே குடியிருப்போர் சங்க விதிகளைப் படித்துவிடுங்கள். ஆபத்து இங்கேயும் உண்டு: உங்கள் குழாய் உடைந்தால் நனைவது கீழ்வீட்டுக்காரர் கூரை. கிளம்பும்போது மெயின் வால்வை மூடாமல் போகாதீர்கள்.

சில தொல்லைகளுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒருமுறை கதவைத் திறந்ததும் குடலைப் புரட்டும் நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்று கட்டிலையெல்லாம் நகர்த்தித் தேடினோம். எலியும் இல்லை, ஒன்றும் இல்லை. குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் துளைக்கு அடியில், சாக்கடைக் காற்றைத் தடுக்க எப்போதும் கொஞ்சம் நீர் நிற்க வேண்டும். அது காய்ந்து போயிருந்தது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினோம், சரியாகிவிட்டது. இப்போதெல்லாம் கிளம்பும்போது அதில் தண்ணீர் விட்டு, மேலே இரண்டு கரண்டி சமையல் எண்ணெயும் ஊற்றுகிறேன். சீக்கிரம் ஆவியாகாது.

குளிர்பெட்டியை அணைத்தால் கதவை லேசாகத் திறந்து வையுங்கள். அப்புறம் காப்பீடு: பல பாலிசிகளில் 30 அல்லது 60 நாளுக்கு மேல் வீடு ஆளில்லாமல் கிடந்தால் சில இழப்புகளுக்குப் பணம் கிடைக்காது. அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

எதை வாங்குவது? காலையில் கிளம்பி, சருகை அள்ளிப் போட்டுவிட்டு இரவே திரும்பும் தூரம் என்றால் தனி வீடு. அதற்கு மேல் என்றால் அடுக்குமாடிதான். அதிலும் கடைசி மாடி வேண்டாம். மொட்டை மாடித் தண்ணீர் அங்கேயும் உங்கள் தலையில்தான் இறங்கும்.