நடுக்கடலில் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்? விஎச்எஃப், எபர்ப், சாட்டிலைட் போன்: ஓர் ஒப்பீட்டு அலசல்

சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) நேர்கோட்டில் ஏறத்தாழ 740 கடல் மைல். முப்பத்தைந்து அடிப் பாய்மரப் படகு ஒன்று சராசரியாக ஐந்து நாட் (மணிக்கு ஐந்து கடல் மைல்) வேகத்தில் போனால்கூட ஆறு நாளுக்கு மேல் பிடிக்கும். புறப்பட்ட அன்று மாலைக்குள் செல்போன் சிக்னல் போய்விடும். மலாக்காவுக்கும் இலங்கைக்கும் இடையே ஓடும் பெரிய கப்பல்களின் நெரிசலான பாதை வெகு தெற்கே, 6 டிகிரி அட்சரேகையை ஒட்டிப் போகிறது. நாம் போகும் 12, 13 டிகிரியில் ஒரு நாள் முழுக்க ஒரு கப்பல்கூடக் கண்ணில் படாமல் போகலாம்.

அப்படிப்பட்ட இடத்தில் ஆபத்து வந்தால் உதவி கேட்க எந்தக் கருவி வேண்டும்? கடைக்காரரிடம் கேட்டால் வாட், மைல், பேட்டரி ஆயுள் என்று சொல்வார். அவையும் தேவைதான். ஆனால் இந்தக் கருவிகளை ஒப்பிட நான் முதலில் வைக்கும் கேள்விகள் வேறு. பொத்தானை அழுத்தினால் யார் காதில் விழும்? கேட்டவர் நம்மிடம் வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகும்? பேசவே முடியாத நிலையில் நாம் கிடந்தால் அப்போதும் அது வேலை செய்யுமா?

விஎச்எஃப் ரேடியோ

படகுகளும் கப்பல்களும் ஒன்றோடொன்று பேசும் ரேடியோ இது. படகில் நிலையாகப் பொருத்தும் 25 வாட் செட்டைப் பற்றிப் பேசுகிறேன். இதன் அலை ஏறத்தாழ நேர்கோட்டில்தான் போகும். பூமியின் வளைவைத் தாண்டாது. அதனால் வாட்டைவிட ஆன்டெனாவின் உயரம்தான் முக்கியம். பாய்மர உச்சியில் 15 மீட்டர் உயரத்தில் நம் ஆன்டெனா, எதிரே ஒரு சரக்குக் கப்பலில் 30 மீட்டர் உயரத்தில் அவர்களுடையது என்றால் 20 கடல் மைல் வரை பேசலாம். கையடக்க செட்டோடு மேல்தளத்தில் உட்கார்ந்து இன்னொரு சிறு படகைக் கூப்பிட்டால் சில மைல்தான்.

அந்த எல்லைக்குள் இதற்கு ஈடு வேறு எதுவும் இல்லை. சுற்றியுள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்கிறது. கேட்டவர் உடனே பதில் சொல்கிறார். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி மூன்று துறைமுகங்களுக்கும் வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்கள் ஆபத்து அழைப்புக்கான சானல் 16-ஐக் கேட்டுக்கொண்டிருக்கும். டிஎஸ்சி (பேசாமலே டிஜிட்டல் அழைப்பு அனுப்பும்) வசதியுள்ள செட்டில் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நம் எண்ணும் இருக்கும் இடமும் சானல் 70 வழியாகப் போய், கேட்கும் கப்பல்களில் எல்லாம் அலாரம் அடிக்கும். பிறகு 16-இல் வாய்விட்டுப் பேசலாம்.

இங்கேதான் பல படகுகளில் பராமரிப்பில் கோட்டை விடுகிறார்கள். சிவப்புப் பொத்தான் வேலை செய்ய வேண்டுமானால் 419 என்று தொடங்கும் ஒன்பது இலக்க எம்எம்எஸ்ஐ என்னும் படகின் அடையாள எண்ணை செட்டில் பதிவு செய்திருக்க வேண்டும்; ஜிபிஎஸ் இணைப்பும் இருக்க வேண்டும். எண் பதியாத செட்டில் டிஎஸ்சி அழைப்பே போகாது. ஜிபிஎஸ் இணைக்காத செட் "ஆபத்து" என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. மர உச்சியில் ஆன்டெனா கேபிள் சேரும் இணைப்பு இன்னோர் இடம். நம் உப்புக் காற்றில் அது ஒரு மழைக்காலத்துக்குள் பச்சை பிடித்துவிடும். செட் ஒளிரும், இரைச்சல் கேட்கும், ஆனால் வெளியே போகும் சிக்னல் பாதிகூடத் தேறாது. துறைமுகத்துக்குள் பக்கத்துப் படகோடு பேசிப் பார்ப்பது இதற்குச் சோதனையே ஆகாது. வெளியே போய்ப் பத்து மைல் தள்ளியிருக்கும் ஒரு கப்பலிடம் "எப்படிக் கேட்கிறது?" என்று கேட்க வேண்டும்.

மரம் முறிந்தால் ஆன்டெனாவும் அதோடு போய்விடும். விஎச்எஃப் மிகத் தேவைப்படும் நேரமும் அதுதான். மாற்று ஆன்டெனா ஒன்றைக் கேபிளோடு தயாராக வைத்திருப்பது அதிகச் செலவில்லாத வேலை.

நம் கரைக்கே உரிய இன்னொன்றும் உண்டு. கடலில் நமக்கு மிக அருகில் இருப்பவர்கள் காசிமேட்டு விசைப்படகுக்காரர்கள். அவர்களிடமும் செட் உண்டு. ஆனால் பல நேரம் தங்களுக்குள் பேசும் சானலில் இருப்பார்கள். புறப்படுமுன் மீன்பிடித் துறைமுகத்துக்கு ஒரு நடை போய், "அண்ணே, வெளியில இருக்கும்போது எந்தச் சானல் போட்டிருப்பீங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. அதோடு காலண்டரையும் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அதே ரேடியோதான், அதே எல்லைதான், ஆனால் கேட்கும் காதுகள் பெருமளவு குறைந்துவிடுகின்றன. வாடைக்காற்று ஓய்ந்த பிறகு புறப்படலாம் என்று ஏப்ரல் கடைசிக்குத் தேதி குறிப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

எபர்ப்

எபர்ப் என்பது 406 மெகாஹெர்ட்ஸில் ஆபத்துச் சிக்னல் அனுப்பும் மிதவைக் கருவி. ஏறத்தாழ 50 விநாடிக்கு ஒரு முறை, 5 வாட் திறனில், சிறு துடிப்பாக அனுப்பும். குறைந்தது 48 மணி நேரம் விடாமல் அனுப்ப வேண்டும் என்பது அதன் தர விதி. சிக்னலை காஸ்பாஸ்-சார்சாட் என்னும் பன்னாட்டு மீட்பு அமைப்பின் செயற்கைக்கோள்கள் பிடித்துத் தரை நிலையத்துக்கு இறக்குகின்றன. நம் பகுதிக்கு அது பெங்களூருவில் இஸ்ரோவின் இஸ்ட்ராக் வளாகத்தில் உள்ள இந்தியக் கட்டுப்பாட்டு மையம். அங்கிருந்து செய்தி கடலோரக் காவல் படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குப் போகும். அத்தகைய மையங்கள் மும்பை, சென்னை, போர்ட் பிளேர் மூன்று இடங்களில் உள்ளன. ஏறத்தாழ 46 லட்சம் சதுர கிலோமீட்டர் கடற்பரப்பின் மீட்புப் பொறுப்பை இந்த மூன்றும் பங்கிட்டுக்கொள்கின்றன.

ஜிபிஎஸ் உள்ள எபர்ப் என்றால் நூறு மீட்டர் அளவுத் துல்லியத்தில் இடம் தெரியும். விமானம் அருகில் வந்ததும் 121.5 மெகாஹெர்ட்ஸில் வரும் வழிகாட்டிச் சிக்னலைப் பிடித்து நேராக வரலாம். பழைய சாமான் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 121.5 மட்டும் உள்ள பழைய கருவிகளை 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் கேட்பதில்லை. அப்படி ஒன்று எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் படகில் ஏற்றக் கூடாது.

இதன் பெரிய பலம், நாம் எதுவும் பேச வேண்டியதில்லை என்பது. 2022 நவம்பர் 18 அன்று, தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பாய்மரப் பந்தயத்தில் பின்லாந்துக்காரர் தாபியோ லெஹ்தினெனின் படகு தென்னாப்பிரிக்காவுக்குத் தென்கிழக்கே சில நிமிடங்களில் மூழ்கியது. அவர் தெப்பத்துக்குத் தாவினார். எபர்ப் தானாகவே சிக்னல் அனுப்பத் தொடங்கிவிட்டது. அதே பந்தயத்தில் இருந்த கிர்ஸ்டன் நொய்ஷாஃபர் திசை மாறிப் போய் மறுநாள் அவரை எடுத்தார். உதவிக்குத் திருப்பிவிடப்பட்ட இன்னொருவர் நம் நாட்டுப் படகோட்டி அபிலாஷ் டோமி.

பலவீனம், அது ஒருவழிப் பேச்சு. மரம் முறிந்ததா, தீப்பிடித்ததா, யாருக்காவது அடிபட்டதா, எதுவும் அதற்குச் சொல்லத் தெரியாது. ஆபத்து என்பதும் இடமும் மட்டும்தான். மீட்க வருபவருக்கு ஸ்ட்ரெச்சர் வேண்டுமா என்பதுகூடத் தெரியாமல் புறப்பட நேரும்.

எபர்ப்பை மாட்டிவைக்கும் தாங்கிகளில் இரண்டு வகை உண்டு. படகு மூழ்கினால் ஒன்றரை முதல் நான்கு மீட்டர் ஆழத்தில் நீரழுத்தத்தால் தானே திறந்து எபர்ப்பை மிதக்கவிடுவது ஒன்று. கையால் எடுக்க வேண்டியது மற்றொன்று. பெரிய கப்பலுக்கு முதல் வகையே சரி. சிறிய பாய்மரப் படகில் மேலே வரும் கருவி கயிற்றிலும் பாயிலும் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். ஆகவே கையால் எடுப்பதை வாங்கி, படியிறங்கும் வாசலுக்குப் பக்கத்தில், இருட்டிலும் கைக்கு எட்டும்படி மாட்டுவதையே நான் பரிந்துரைப்பேன். தானியங்கி வகை வாங்கினால் அதன் நீரழுத்த விடுவிப்பானை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

சாட்டிலைட் போனும் செய்திக் கருவியும்

வெளிநாட்டுப் படகோட்டிகள் எழுதுவதைப் படித்தால் எபர்ப்புக்குப் பதிலாக சாட்டிலைட் போனோ, செயற்கைக்கோள் வழியே குறுஞ்செய்தி அனுப்பும் கருவியோ போதும் என்று தோன்றும். இருவழிப் பேச்சு, வானிலைத் தகவல், வீட்டுக்குச் செய்தி எல்லாம் ஒன்றில். 2018 செப்டம்பரில் அபிலாஷ் டோமிக்கு நேர்ந்ததை வைத்து இதை எடைபோடலாம். ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து சுமார் 1900 கடல் மைல் தொலைவில் அவருடைய படகு 'துரியா' உருண்டு மரம் முறிந்தது. முதுகில் பலத்த அடி, எழுந்திருக்க முடியவில்லை. எபர்ப்பை இயக்கினார். சாட்டிலைட் போன் பழுதாகிவிட்டது. இன்னொரு போன் அவசரப் பையில் இருந்தும் அவரால் அதை எட்ட முடியவில்லை. கைக்கு எட்டிய சிறு செய்திக் கருவிதான் அவர் நிலையை உலகுக்குச் சொன்னது. ஸ்ட்ரெச்சர் தேவைப்படலாம் என்பது உட்பட. இந்தியக் கடற்படையின் பி-8ஐ விமானம் அவரைக் கண்டுபிடித்தது. செப்டம்பர் 24 அன்று பிரெஞ்சு ரோந்துக் கப்பல் ஒசிரிஸ் அவரை ஏற்றிக்கொண்டது. இடத்தை எபர்ப்பும், நிலையைச் செய்திக் கருவியும் சொல்லின. பேசித்தான் ஆக வேண்டும் என்றிருந்த கருவி அந்த நேரத்தில் உதவவில்லை.

இனி சட்டம். நம் நாட்டில் இது தனிக் கதை. துரையா, இரிடியம் சாட்டிலைட் போன்களைத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இதில் கெடுபிடி அதிகம். மலையேறுபவர்கள் வைத்திருக்கும் கார்மின் இன்ரீச் போன்ற கருவிகளும் இரிடியம் வலையில்தான் இயங்குகின்றன. அவற்றைப் பையில் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் நம் விமான நிலையங்களில் தடுத்து நிறுத்தப்பட்டு வழக்குக்கு ஆளாகியிருக்கிறார்கள். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினரிடம் சொல்லி வாங்கிவரச் செய்வது அவரைச் சிக்கலில் மாட்டிவிடுவதாகும். முறையான வழி, பிஎஸ்என்எல் 2017 முதல் தரும் இன்மார்சாட் போன் சேவை. விண்ணப்பம், காரணம், ஆவணம் என்று நேரம் பிடிக்கும். பயணத்துக்குப் பல மாதம் முன்பே தொடங்க வேண்டும். கிடைத்தால் எபர்ப்புக்கு நல்ல துணை. எபர்ப்புக்கு மாற்றாக அதை நான் ஏற்க மாட்டேன்.

மீனவர்களுக்கான இஸ்ரோ கருவி

2010 முதல் புழக்கத்தில் உள்ள டிஏடி என்னும் ஆபத்து அறிவிப்புக் கருவியின் இரண்டாம் தலைமுறையில் ஒரு அருமையான வசதி சேர்ந்திருக்கிறது: அனுப்பிய அழைப்பு கிடைத்துவிட்டது என்று படகுக்கே பதில் வரும். புயல் எச்சரிக்கையையும் கட்டுப்பாட்டு மையம் அனுப்பலாம். புளூடூத் வழியாகச் செல்போனில் தாய்மொழியிலேயே படிக்கலாம். "கேட்டுவிட்டது, வருகிறார்கள்" என்ற ஒரு வரி தெப்பத்தில் இருப்பவருக்கு எவ்வளவு பெரிய தெம்பு! ஒக்கிப் புயலில் எத்தனை குடும்பங்கள் செய்தியே இல்லாமல் கரையில் காத்திருந்தன என்பதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இது மீன்பிடிப் படகுகளுக்காக உருவானது. பொழுதுபோக்குப் படகுக்காரர் கடையில் போய் வாங்கிவிடும் பொருளல்ல.

உடம்போடு இருக்கும் கருவிகள்: பிஎல்பி, ஏஐஎஸ்

பிஎல்பி என்பது சட்டைப்பைக்குள் அடங்கும் குட்டி எபர்ப். அதே செயற்கைக்கோள், அதே மையம். விலை குறைவு. ஆனால் 24 மணி நேரம்தான் உறுதி; பெரும்பாலானவற்றைக் கையில் பிடித்து ஆன்டெனாவை வானம் பார்க்க வைத்திருக்க வேண்டும். களைத்துப்போனவர் அலையில் அதைச் செய்துகொண்டே இருக்க முடியாது. பிஎல்பி வாங்கிவிட்டு எபர்ப்பைத் தவிர்ப்பதை நான் ஒப்புக்கொள்ளாததற்கு இதுதான் காரணம்.

இரண்டு பேர் போகும் படகில் ஒருவர் இரவில் தவறி விழுந்தால் யார் காப்பாற்ற முடியும்? கரையிலிருந்து 300 மைலில் கடலோரக் காவல் படை வந்து சேரும்வரை அவர் தண்ணீரில் தாங்க வேண்டும். அரை மைலுக்குள் இருக்கும் ஒரே காது, உள்ளே தூங்கும் தோழருடையது. உயிர்காப்புக் கவசத்துக்குள் பொருத்தும் ஏஐஎஸ் (இருக்கும் இடத்தை ரேடியோ வழியாக அருகிலுள்ள படகுகளின் திரையில் காட்டும் முறை) கருவி அங்கேதான் கூப்பிடுகிறது. கவசம் ஊதியதும் தானே இயங்கி, நம் படகின் திரையிலேயே விழுந்தவரின் இடத்தைக் காட்டும். எட்டும் தூரம் சில மைல்தான்; அது போதும். படகில் ஏஐஎஸ் சிக்னலைப் பெறும் ரிசீவரும் திரையும் அலாரமும் இருக்க வேண்டும் என்பதை மறந்து கவசக் கருவியை மட்டும் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அலாரம் தூங்குபவரை எழுப்பும் அளவுக்குச் சத்தமாக இருக்கிறதா என்று எஞ்சினை ஓடவிட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

எதை முதலில் வாங்குவது?

புதுச்சேரி வரை கரையோரமாக 70 மைல் போய்வருபவருக்கு: நல்ல விஎச்எஃப் டிஎஸ்சி, மாற்று ஆன்டெனா, ஒரு கையடக்க செட், பிறகு பிஎல்பி. இந்த வரிசைதான்.

போர்ட் பிளேர் போகிறவருக்கு வரிசை மாறும். முதல் காசு எபர்ப்புக்கு. அடுத்தது ஒவ்வொருவர் கவசத்திலும் ஏஐஎஸ். விஎச்எஃப் எப்படியும் இருக்கும். அதைச் செப்பனிட வேண்டும். இன்மார்சாட் போன் அனுமதியோடு கிடைத்தால் நான்காவது. இருக்கும் பணத்தில் எபர்ப்பா சாட்டிலைட் போனா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியுமென்றால், எந்தத் தயக்கமும் இல்லாமல் எபர்ப்.

வாங்கிய பிறகு ஒரு காகித வேலை இருக்கிறது, பலரும் விட்டுவிடுவது. ஒவ்வொரு எபர்ப்பிலும் 15 எழுத்து அடையாளக் குறியும் அதற்குள் நாட்டுக் குறியீடும் உண்டு. இந்தியப் படகுக்கு இந்தியக் குறியீடு. பதிவு பெங்களூரு மையத்தில். வெளிநாட்டுக் குறியீட்டோடு வாங்கியதை மாற்றாமல் விட்டால், நம் படகைப் பற்றிய விசாரணை முதலில் எங்கோ ஒரு நாட்டுக்குப் போகும். பதிவில் அவசரத் தொடர்பு எண் கேட்பார்கள். அங்கே தன் சொந்தச் செல்போன் எண்ணையே கொடுப்பவர்கள் உண்டு. சிக்னல் வந்ததும் மையம் அந்த எண்ணைத்தான் அழைக்கும், நாமோ அந்தப் போனோடு நடுக்கடலில் இருப்போம். கரையில் இருக்கும், தெரியாத எண்ணையும் எடுத்துப் பேசும் இரண்டு பேரின் எண்களைக் கொடுக்க வேண்டும். படகின் நிறம், ஆட்களின் பெயர், வயது, மருந்து, தெப்பத்தில் எத்தனை பேர் அமரலாம், போகும் வழி, சேரும் தேதி எல்லாம் ஒரே தாளில் எழுதி அவர்களிடம் இருக்கட்டும். அதன் தலையில் கடலோரக் காவல் படையின் கட்டணமில்லா எண் 1554-ஐப் பெரிதாக எழுதி, சொன்ன தேதிக்கு எத்தனை மணி நேரம் கழித்து அவர்கள் அந்த எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் புறப்படுமுன்பே பேசி முடிவு செய்துவிட வேண்டும்.