பழைய பாணி பித்தளைக் காம்பஸ்: எல்லாம் சரி, ஊசி?

பணி ஓய்வு பெறும் மேலதிகாரிக்குப் பழைய பாணி பித்தளைக் காம்பஸ் (திசைகாட்டி) ஒன்றைப் பரிசாகக் கொடுக்கலாமா என்று நண்பர் கேட்டார். என் மேசையில் சில வருடங்களாக ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும். பளபளப்பு, மரப்பெட்டி, மூடியில் பெயர் பொறிப்பது எல்லாவற்றையும் விற்பவர்களே படம் போட்டுக் காட்டிவிடுகிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஊசியைப் பற்றித்தான்.

ஊசி சிக்குகிறது. மூடியைத் திறந்து மேசையில் வைத்தால் கொஞ்சம் ஆடிவிட்டு மனம்போன இடத்தில் நின்றுவிடும். கண்ணாடியை நகத்தால் ஒரு தட்டு தட்டினால் இன்னும் கொஞ்சம் நகரும். மறுபடி தட்டினால் மறுபடி நகரும். தட்டுவதை எப்போது நிறுத்துவது என்று தெரிய, வடக்கு எங்கே என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்!

பொறுக்க முடியாமல் ஒரு கடிகார மெக்கானிக்கிடம் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றி, கண்ணில் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "முனை மழுங்கிப்போச்சு சார்" என்றார். ஊசியின் நடுவில் ஒரு சின்னக் குழி இருக்கும். அது ஒரு கூர்முனையின் மேல் உட்கார்ந்து சுழலும். தரமான காம்பஸில் அந்தக் குழியில் அகேட், சஃபையர் மாதிரி கடினமான கல் பதித்திருப்பார்கள். என்னுடையதில் வெறும் பித்தளை. அதைக்கூட மன்னித்துவிடலாம். அந்தக் காலத்துப் பாக்கெட் காம்பஸ் பலவற்றில், மூடியை மூடினால் ஒரு சின்ன நெம்புகோல் ஊசியை முனையிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொள்ளும். பையில் எவ்வளவு குலுங்கினாலும் முனைக்கு ஒன்றும் ஆகாது. என்னுடையதிலும் விளிம்பில் அதே இடத்தில் ஒரு குமிழ் இருக்கிறது. அழுத்தினால் அழகாக அமுங்கவும் செய்கிறது. உள்ளே எதையும் தொடுவதில்லை. சும்மா ஒப்புக்கு வைத்திருக்கிறார்கள்! குமிழே இல்லாமல் விட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

நியாயமாகவும் பேச வேண்டும். உடல் முழுக்கக் கனமான பித்தளை. செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகத்தைக் காந்தம் இழுக்காது என்பதால் காம்பஸுக்கு ஏற்றது அதுதான். கீல் இன்றுவரை தளரவில்லை. மூடும்போது வரும் அந்த 'டக்' சத்தத்துக்காகவே போனில் பேசிக்கொண்டே திறந்து திறந்து மூடுவேன். கட்டைவிரல் படும் இடத்தில் பளபளப்புக்குப் பூசிய லாக்கர் பூச்சு தேய்ந்து, பழுப்பாக ஒரு திட்டு விழுந்திருக்கிறது. அது எனக்குப் பிடித்தும் போய்விட்டது, பாலிஷ் போடுவதில்லை. ஊசி நெடுநேரம் ஆடுவதையும் குறையாகச் சொல்லமாட்டேன். திரவம் இல்லாத காம்பஸ் அப்படித்தான் ஆடும். அதை அடக்கத்தானே பின்லாந்துக்காரர் துவோமாஸ் வோஹ்லோனென் 1930களில் கையடக்கக் காம்பஸில் திரவம் நிரப்பும் முறையைக் கொண்டுவந்தார். ஆடட்டும், ஆடி முடித்து வடக்கில் நிற்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

"அலங்காரப் பொருள்தானே, ஊசியை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார் நண்பர். எல்லோரும் பார்க்கிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் எடுத்ததும் மூடியைத் திறந்து, வடக்கைத் தேடி அப்படியே ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். அப்புறம் என்னைப் பார்ப்பார்கள்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், காம்பஸை அசைக்காமல் வைத்து, ஓர் இரும்புச் சாவியைப் பக்கத்தில் கொண்டுபோய் ஊசியை அதன் இடத்திலிருந்து விலகச் செய்யுங்கள். சாவியைத் தூரமாக எடுத்ததும் ஊசி பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். மறுபக்கமிருந்தும் செய்து பாருங்கள். போன், ஸ்பீக்கர் எதுவும் அருகில் வேண்டாம்.

என்னைக் கேட்டால், வேண்டாம், நல்ல பேனாவாக வாங்கிக் கொடுங்கள். மெக்கானிக் முனையைத் தீட்டிக் கொடுத்த புதிதில் கேட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன்.