டப்பா தீர்ந்த பிறகு என்ன? எடைக்குறைப்பு ஷேக், கேப்ஸ்யூல், டீ பற்றி என் மதிப்பீடு

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். எடை குறைக்க என்று விற்கும் பொருள்களில், ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிக்கும் ஷேக் வேலை செய்கிறது. கொழுப்பைக் கரைக்கும் என்று சொல்லி வரும் கேப்ஸ்யூல் வேலை செய்வதில்லை. 'டீடாக்ஸ்' டீயைத் தொடவே வேண்டாம். ஆனால் ஷேக்கின் பலன் அதைக் குடிக்கும் வரைதான். நிறுத்திய பிறகு எடை எங்கே நிற்கும் என்பது வேறு கேள்வி. விற்பவர்கள் அந்தக் கேள்விக்கே வருவதில்லை என்பதுதான் என் கோபம்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அடிக்கடி இரவு ஷிஃப்ட் வரும். என்னுடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டதும், மாத்திரைக்குப் போகும் முன் எடையைக் குறைத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். சிக்கல் எந்த வேளையில் என்று எனக்குத் தெரியும். நள்ளிரவு தாண்டி, சாம்பிள்கள் குவிந்து கிடக்கும்போது, கைக்கு எட்டியதை நின்றுகொண்டே சாப்பிடும் அந்த வேளை. அந்த ஒரு வேளைக்காக மட்டும்தான் ஷேக் வாங்கினேன், டாக்டரிடம் கேட்டுவிட்டு.

பவுடர் சாக்லேட் சுவை. பவுடரை முதலில் போட்டுப் பாலை ஊற்றினால் ஷேக்கரின் அடியில் களிம்பு மாதிரி ஒட்டிக்கொள்ளும், எவ்வளவு குலுக்கினாலும் வராது. பாலை ஊற்றிவிட்டு மேலே பவுடரைத் தூவிக் குலுக்க வேண்டும். கலந்த உடனே குடித்தால் நுரைதான் வாய்க்குள் போகும். கொஞ்ச நேரம் வைத்தால் அதிலிருக்கும் குவார் கம் என்ற பசைப்பொருள் ஊறிக் கெட்டியாகிறது. அப்போது மெதுவாகக் குடித்தால் வயிறு நிறைந்த மாதிரி இருக்கிறது. செயற்கை இனிப்பின் பின்சுவை நாக்கின் ஓரத்தில் வெகுநேரம் தங்கும். அது எனக்குக் கடைசி வரை பழகவில்லை. பசியைப் பொறுத்தவரை, இரண்டு மணி நேரம் நன்றாகத் தாங்குகிறது, அதற்கு மேல் இல்லை. மென்று சாப்பிடும் உணவு அளவுக்குத் திரவ உணவு பசியை அடக்காது. ஷிஃப்ட் முடியும் நேரத்தைக் கணக்குப் பண்ணிக் குடித்தால்தான் எனக்குச் சரிப்பட்டது.

இப்போது லேபிள். டப்பாவின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் '17 கிராம் புரதம், 220 கலோரி' என்று இருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் '300 மில்லி கொழுப்பு நீக்கிய பாலுடன்' என்று போட்டிருந்தார்கள். அவ்வளவு பாலில் மட்டுமே ஏறக்குறைய 10 கிராம் புரதமும் 100 கலோரிக்குக் கொஞ்சம் மேலும் இருக்கிறது. ஆக, பவுடர் தருவது ஏழு கிராம் புரதம்தான். இது ஏமாற்று என்று சொல்லமாட்டேன், பின்னால் எழுதித்தானே இருக்கிறது. ஆனால் அந்த டப்பாவை விற்ற 'கோச்', சீக்கிரம் குறைய வேண்டுமானால் தண்ணீரில் கலந்து குடியுங்கள் என்றார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 1991-இல் வகுத்த தரத்தின்படி, ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாக விற்கும் பொருள் 200 முதல் 400 கலோரி தர வேண்டும். அதில் குறைந்தது கால் பங்கு புரதத்திலிருந்து வர வேண்டும். தண்ணீரில் கலந்தால் இந்தப் பவுடர் கலோரியில் பாதியைத்தான் எட்டுகிறது. அது ஒரு வேளைச் சாப்பாடு ஆகாது, இனிப்புத் தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். புரதம் போதாமல் எடை குறைந்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும். 1970-களில் அமெரிக்காவில் தரக்குறைவான கொலாஜன் புரதத் திரவத்தை மட்டுமே குடித்து எடை குறைத்தவர்களில் பலர் இதயத் துடிப்பு தாறுமாறாகி இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்தத் துறைக்குக் கொஞ்சமாவது கட்டுப்பாடு வந்தது.

சரி, பாலில் கலந்து ஒழுங்காகக் குடித்தால்? குறைகிறது. எனக்கும் குறைந்தது. இதில் மாயம் ஒன்றும் இல்லை. அந்த வேளைக்கு என்ன சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்று களைத்துப்போன நேரத்தில் யோசிக்க வேண்டியதில்லை. கலோரி கணக்கு முன்கூட்டியே முடிந்துவிட்டது. பவுடருக்குள் இருக்கும் குரோமியம், எல்-கார்னிடைன், ஏதேதோ மூலிகைச் சாறு எல்லாம் லேபிளை அழகாக்கத்தான்.

இதற்கு நல்ல ஆய்வுகளும் இருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட 'டிராப்லெட்' ஆய்வில், ஒரு நாளைக்கு 810 கலோரி தரும் ஷேக், சூப் வகைகளை மட்டும் 8 வாரம் எடுத்துக்கொண்டு, அப்புறம் படிப்படியாகச் சாப்பாட்டுக்குத் திரும்பியவர்கள், ஓராண்டு முடிவில் சராசரியாக 10.7 கிலோ குறைந்திருந்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்கள் 3.1 கிலோ. பிரிட்டனில் நடந்த 'டைரக்ட்' ஆய்வு டைப் 2 சர்க்கரை நோயாளிகளை வைத்து நடந்தது. ஓராண்டில் சராசரி 10 கிலோ குறைந்தது, 46 சதவீதம் பேருக்குச் சர்க்கரை மாத்திரை இல்லாமலே கட்டுப்பாட்டுக்குள் வந்தது. என் டாக்டர் ஷேக்குக்குச் சரி சொன்னதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

விற்பவர்கள் காட்டுவது இதுவரைதான். அதே டைரக்ட் ஆய்வில் இரண்டாம் ஆண்டு முடிவில் 10 கிலோ 7.6 ஆனது. தொடர்ந்து ஆதரவு பெற்றவர்களிடம்கூட ஐந்தாம் ஆண்டில் மிஞ்சியது சராசரி 6.1 கிலோ. டிராப்லெட்டில் மூன்றாம் ஆண்டில் 6.2 கிலோ. இது மோசமான கணக்கு இல்லை, என்னைக் கேட்டால் நல்ல கணக்குதான். ஆறு கிலோ நிரந்தரமாக இறங்கினால் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மூட்டுக்கும் நிஜமான லாபம் உண்டு. ஆனால் அந்த ஆறு கிலோ பவுடரால் மட்டும் நிற்கவில்லை. இரண்டு ஆய்வுகளிலும் பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே இருந்து, எந்த வாரம் எந்த வேளைச் சாப்பாட்டைத் திரும்பச் சேர்ப்பது, எடை ஏறத் தொடங்கினால் என்ன செய்வது என்று பார்த்துக்கொண்டார். நமக்கு டப்பா மட்டும் கிடைக்கிறது, அந்த ஆள் கிடைப்பதில்லை.

அந்த ஆள் ஏன் வேண்டும் என்பதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 10 வாரம் மிகக் குறைந்த கலோரி ஷேக்கில் எடை குறைத்தவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் கூடியிருந்தது, பசியை அடக்கும் லெப்டின் இறங்கியிருந்தது. ஓராண்டு கழித்து எடுத்துப் பார்த்தபோதும் அவை பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை. எடை குறைந்தவர்கள் முன்பைவிட அதிகப் பசியோடுதான் வாழ்கிறார்கள். ரத்தத்திலேயே தெரிகிற விஷயம் இது. மன உறுதியைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றும் இல்லை.

அதனால்தான் அந்தக் கோச் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் எனக்கு மனம் கொதித்தது. ஒரு பெண் ஷேக்கை நிறுத்தியதும் எடை திரும்ப ஏறுகிறது என்று எழுதினார். "உங்களுக்கு ஒழுக்கம் போதவில்லை, அடுத்த டப்பாவை ஆரம்பியுங்கள்" என்று பதில் வந்தது. ஒரு பொருள் தன் எல்லைக்கு வெளியே வேலை செய்யாததற்கு, அதை நம்பி வாங்கியவர் மேல் பழி! உலகமே பார்த்த உதாரணம் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே. 1988-இல் திரவ உணவில் 67 பவுண்டு, அதாவது 30 கிலோ குறைத்து, அதே எடைக் கொழுப்பை ஒரு வண்டியில் வைத்துத் தன் தொலைக்காட்சி மேடைக்கு இழுத்து வந்தார். எடை சீக்கிரமே திரும்பத் தொடங்கியதை அவரே பல முறை சொல்லியிருக்கிறார். பணமும் சமையல்காரரும் பயிற்சியாளரும் இருந்த ஒருவருக்கே அப்படி என்றால், அந்தப் பெண்ணிடம் ஒழுக்கத்தைப் பற்றிப் பேச யாருக்கும் உரிமை இல்லை.

இன்னொன்று, முதல் வாரத்தில் காணாமல் போகும் கிலோக்கள். 'ஒரே வாரத்தில் இரண்டு கிலோ' என்று குழுவில் தினமும் எடை மெஷின் படம் வரும். உடம்பு சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சாப்பாடு குறைந்ததும் முதலில் கரைவது அதுதான். முதல் வாரத்தைப் பார்த்து டப்பாவுக்கு மார்க் போடாதீர்கள்.

கேப்ஸ்யூலுக்கு வருகிறேன். டப்பாவோடு இலவசமாக ஒரு பாட்டில் தந்தார்கள்: குடம்புளிச் சாறு, க்ரீன் டீச் சாறு, பச்சைக் காபிக்கொட்டைச் சாறு. லேபிளைப் படித்துவிட்டு நான் அதைத் திறக்கவில்லை. குடம்புளியின் சாறான கார்சினியாவை 1998-இலேயே 135 பேரிடம் 12 வாரம் சோதித்தார்கள். வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. பச்சைக் காபிக்கொட்டையைப் பிரபலமாக்கிய ஆய்வையே அதை எழுதியவர்கள் 2014-இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். க்ரீன் டீயைக் குடிப்பதில் தப்பில்லை; சாறாக இறுக்கி மாத்திரையாக்கும்போதுதான் ஆபத்து. அதிலுள்ள ஈஜிசிஜி என்ற பொருள் நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் அளவிலும் அதற்கு மேலும் கல்லீரல் நொதிகளை ஏற்றுவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. என் பாட்டிலில் 'மூலிகைக் கலவை' என்று மொத்த எடை மட்டும் இருந்தது. எதில் எவ்வளவு என்று பிரித்துப் போடவில்லை. எங்கள் கூடத்துக்கு வரும் ரத்தத்தில் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதி காரணம் தெரியாமல் எகிறியிருந்தால், மாத்திரை ஏதாவது எடுக்கிறார்களா என்று டாக்டர்கள் கேட்பார்கள். இல்லை என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். 'ஃபேட் பர்னர்' எடுப்பதை யாரும் மாத்திரையாக நினைப்பதில்லை. தயவுசெய்து அதையும் சொல்லுங்கள்.

இதைவிடப் பெரிய பயம் லேபிளில் இல்லாத சரக்கு. சிபுட்ரமின் என்ற பசியடக்கும் மருந்து, மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்தால் 2010-இல் பல நாடுகளில் விலக்கப்பட்டது. அதற்குப் பிறகும் 'முழுக்க இயற்கை' என்று விற்கும் கேப்ஸ்யூல்களில் அதைக் கலந்திருப்பதை அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. ஒரு மூலிகைக் கேப்ஸ்யூல் சில நாளிலேயே பசியை அடியோடு கொன்று, நெஞ்சு படபடக்க வைத்தால், அதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் பாட்டிலோடு போய்விடுங்கள்.

டீயை என் அக்கா குடித்தார். அதில் இருப்பது சென்னா, அதாவது பேதி மருந்து. வயிறு கழியும், எடை மெஷினில் முள் இறங்கும், இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்ததும் திரும்ப ஏறும். கொழுப்பில் ஒரு கிராம்கூட அதனால் போகாது. நாள்கணக்கில் குடித்தால் பொட்டாசியம் இறங்கும். அது இதயத்துக்கு நல்லதல்ல.

நான் எப்படி வைத்துக்கொண்டிருக்கிறேன் என்றால், நள்ளிரவு ஷேக்கைத் தொடர்கிறேன், இரவு ஷிஃப்ட் நாள்களில் மட்டும். ஒரு வேளையை மட்டும் இப்படி மாற்றினால் குறைந்த எடையைத் தக்கவைக்க உதவும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விளம்பரத்தில்கூடச் சொல்ல அனுமதிக்கிறது. குறைந்ததில் ஒரு பகுதி திரும்ப வந்தது, மீதி நிற்கிறது, சர்க்கரை எல்லைக்குக் கீழே இருக்கிறது. பகல் ஷிஃப்டில் சாப்பாடுதான். அதில் அளவைக் குறைக்க உதவியது என் மருத்துவமனையின் உணவு ஆலோசகர். இந்த விவகாரத்தில் நான் செலவழித்ததிலேயே மிகப் பயனுள்ள செலவு அவருக்குக் கொடுத்ததுதான். டப்பா வாங்கும் காசு இருந்தால் அதில் ஒரு பங்கை அப்படி ஒருவருக்கு ஒதுக்குங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஷேக்கை ஆரம்பிக்கவே கூடாது. சாப்பாடு குறையும்போது அதே அளவு மருந்து ஆளைக் கீழே தள்ளிவிடும். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், சாப்பாட்டு விஷயத்தில் ஏற்கெனவே மனப் போராட்டம் இருப்பவர்கள் இதன் பக்கம் வர வேண்டாம். எல்லா வேளையும் ஷேக் மட்டும் என்று வேகமாகக் குறைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடுகிறது. வலது விலாவுக்குக் கீழே வலி வந்தால் வாயுத் தொல்லை என்று விட்டுவிடாமல் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.