ஜீரோ டிகிரி என்று விற்றார்கள், 6 டிகிரியில் நடுங்கினேன்: குளிருக்கு ஹாமாக் செட் வாங்குபவர்கள் கவனத்துக்கு

மலையில் ஹாமாக் (இரண்டு மரத்துக்கு நடுவே தூளி மாதிரி கட்டும் துணிப் படுக்கை) கட்டித் தூங்கப் போகிறேன் என்று யாராவது கிளம்பியிருந்தால், பணம் அனுப்பும் முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். எனக்கு 16,800 ரூபாயும் ஒரு ராத்திரித் தூக்கமும் போனது. பணத்துக்கு வழக்குப் போட்டிருக்கிறேன். கடையின் பெயரை எழுதாததற்கு அதுதான் காரணம், தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம்.

எனக்கு டென்ட் ஒத்துவராது. தரையில் படுத்தால் மறுநாள் இடுப்பு நிமிராது. மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு தூணுக்கு நடுவே ஹாமாக் கட்டி இரண்டு வருடமாகத் தூங்குகிறேன். அந்தச் சுகத்தைக் கொடைக்கானலுக்கு மேலே கொண்டுபோக வேண்டும் என்று ஆசை. பூம்பாறையில் தெரிந்தவர் ஒருவருக்குப் பூண்டு வயல் இருக்கிறது, வரப்போரம் வரிசையாக யூகலிப்டஸ் மரங்கள். வந்து கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். (காட்டுக்குள் போய்க் கட்டும் யோசனையே வேண்டாம். 2018 குரங்கணித் தீ விபத்துக்குப் பிறகும் அனுமதியில்லாமல் உள்ளே நுழைகிறவர்களை என்ன சொல்வது என்று தெரியவில்லை. பட்டா நிலம், சொந்தக்காரர் சம்மதம், அவ்வளவுதான்.)

மாடியில் சுகமாக இருப்பது எதுவோ அதுவே மலையில் எதிரி. ஹாமாக்கில் படுத்தால் முதுகுக்குக் கீழே வெறும் காற்று. வெயில் காலத்தில் அது விசிறி. குளிரில் அதே காற்று உடம்புச் சூட்டை விடிய விடிய உருவிக்கொண்டு போகும். ஸ்லீப்பிங் பேக் இருக்கிறதே என்று நினைப்போம். அதன் அடிப்பக்கம் நம் எடையில் நசுங்கிவிடும். உள்ளே காற்று தங்கினால்தான் கதகதப்பு, நசுங்கிய பஞ்சு வெறும் துணிக்குச் சமம். அதனால்தான் அண்டர்கில்ட் என்று ஒன்றைச் செய்கிறார்கள். ஹாமாக்குக்கு வெளியே, அடியில், எலாஸ்டிக் கயிற்றில் தொங்கும் மெத்தை அது. நாம் அதன்மேல் படுப்பதில்லை, அதனால் நசுங்காது. நம் வீட்டுக் கிழவிகளுக்கு இது தெரியாததல்ல. மார்கழியில் பிள்ளையைத் தூளியில் போடும்போது பழைய சேலையை நாலாக மடித்து அடியில் விரித்துவிட்டுத்தான் போடுவார்கள்.

இதெல்லாம் தெரிந்துதான் வாங்கினேன். தெரிந்தும் ஏமாந்தேன்.

இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம். பனி மூடிய மலை, நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஹாமாக், கையில் காபி கப்போடு ஒரு பெண். குளிர்கால கம்ப்ளீட் செட், ஜீரோ டிகிரி ரேட்டிங், 800 ஃபில் பவர் கூஸ் டவுன் என்று போட்டிருந்தது. ஹாமாக், அண்டர்கில்ட், மேலே போர்த்தும் டாப்கில்ட், மழைக்கு டார்ப், மரத்தில் கட்டும் வார் என எல்லாம் சேர்த்து 16,800. வாட்ஸ்அப்பில் பேசிய பையனுக்கு எதைக் கேட்டாலும் பதில் தயார். "ப்ரோ, இதப் போட்டு லடாக்ல தூங்கியிருக்கோம் ப்ரோ." பணத்தை ஒரு தனிநபரின் யூபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொன்னார். ஜிஎஸ்டி பில் உண்டா என்று கேட்டேன். "பார்சல்லயே வரும் ப்ரோ." வரவில்லை.

பார்சல் நவம்பரில் வந்தது. அண்டர்கில்ட்டைத் தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். அட, நம்ம வீட்டு ரஜாய் மாதிரி கெட்டியாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். இந்தக் கதையில் என் முட்டாள்தனத்தின் உச்சம் அதுதான். அதை அப்படியே சமையலறைத் தராசில் வைத்திருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். ஜனவரியில் திரும்பி வந்த பிறகு வைத்தேன். 1,240 கிராம்.

டவுன் என்பது வாத்தின் நெஞ்சுப் பகுதியில் இறகுக்கு அடியில் இருக்கும் மென்தூவி. அன்னத்தின் தூவியில் மெத்தை செய்த சேதி நம் பழைய பாட்டுகளிலேயே உண்டு, ஆக நமக்கு ஒன்றும் புதுச் சரக்கில்லை. அதன் அருமையே எடையில்லாமல் இடத்தை அடைத்துக்கொள்வதுதான். 800 ஃபில் பவர் என்றால் ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் தூவி, 800 கன அங்குலம் உப்ப வேண்டும். சுமார் 13 லிட்டர். ஒரு கைப்பிடித் தூவி கிட்டத்தட்ட ஒரு பிளாஸ்டிக் குடத்தை நிறைக்கும். ஜீரோ டிகிரியைத் தாங்கும் முழு நீள அண்டர்கில்ட்டுக்கு இந்தத் தூவி 350 முதல் 400 கிராம் போதும். மெல்லிய நைலான் துணி, கயிறு எல்லாம் சேர்த்தாலும் 650 கிராமைச் சுற்றித்தான் வரும். என் கையில் இருந்தது அதைப்போல இரண்டு மடங்கு கனம். கனமான டவுன் கில்ட் என்பது எடையில்லாத இரும்பு மாதிரி, அப்படி ஒன்று கிடையாது.

சரி, பூம்பாறைக்கு வருவோம். நானும் மச்சானும் பொங்கலுக்கு முந்தைய வாரம் போனோம். அவர் டென்ட் ஆள், ஒன்பது மணிக்கே குறட்டை. நான் ஹாமாக்கைக் கட்டினேன். வார் மரத்திலிருந்து சுமார் 30 டிகிரி சரிவில் இறங்க வேண்டும், அப்போதுதான் ஹாமாக் அளவாகத் தொய்யும். தொய்வு இருந்தால்தான் குறுக்காகப் படுக்கலாம், குறுக்காகப் படுத்தால்தான் முதுகு மட்டமாகும். எப்படிக் கட்டியும் முதுகு மட்டமாகவில்லை, வில் மாதிரி வளைந்தே கிடந்தேன். 11 அடி ஹாமாக் என்று விற்றது அளந்தால் 9 அடி. 9 அடியில் குறுக்காகப் படுக்க இடமே இல்லை. உடம்பு வளைந்தால் அண்டர்கில்ட்டும் முதுகோடு ஒட்டாது.

ஒரு மணி இருக்கும், இடுப்பில் யாரோ ஐஸ் கட்டியை வைத்த மாதிரி விழிப்பு வந்தது. மேலே டாப்கில்ட்டுக்குள் நெஞ்சு சூடாக இருக்கிறது, கீழே இடுப்பும் தோள்பட்டையும் மரத்துப்போகின்றன. பாதி உடம்பு மதுரையில், பாதி உடம்பு பனியில். என்னிடம் இருந்த சின்னத் தெர்மாமீட்டர் 6 டிகிரி காட்டியது. கையைக் கீழே விட்டுப் பார்த்தால் ஹாமாக்குக்கும் அண்டர்கில்ட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, அதற்குள் வாடைக்காற்று தாராளமாகப் போய் வந்துகொண்டிருந்தது. எழுந்து எலாஸ்டிக்கை இறுக்கினேன். அரை மணி நேரத்தில் மறுபடியும் தொய்ந்துவிட்டது. இன்னும் இறுக்கினால் கில்ட் முதுகோடு அழுந்தி நசுங்குகிறது. தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டிய பொருள் அது. அந்த எலாஸ்டிக் பைஜாமாவுக்குக்கூடத் தேறாது.

மூன்றாவது தடவை இறங்கியபோதுதான் தலையில் மாட்டியிருந்த ஹெட்லைட்டைக் கழற்றி அடியிலிருந்து கில்ட்டின் மேல் அடித்தேன். வெளிச்சம் நேராக மறுபக்கம் போகிறது! கில்ட்டின் நடுவில், சரியாக முதுகு வரும் இடத்தில், இரண்டு துணிகளைத் தவிர ஒன்றுமே இல்லை. உள்ளே இருந்ததெல்லாம் ஓரத்துக்குச் சரிந்து கட்டி கட்டியாக, கறுப்பாகத் தெரிந்தது. நல்ல கில்ட்டில் அறை அறையாகத் தடுப்புத் தைத்திருப்பார்கள், தூவி அந்தந்த அறைக்குள் நிற்கும். இதில் மேலே தெரிந்த தையல் கோடுகள் எல்லாம் வெளித்துணியில் போட்ட அலங்காரம். உள்ளே தடுப்பே இல்லை.

நான் லைட்டும் கையுமாக நிற்பதைப் பார்த்துவிட்டு வயலில் காவலுக்குப் படுத்திருந்த அண்ணன் வந்தார். நான் நடுங்குவதைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. கொட்டகைக்குப் போய் நாலைந்து கோணிச் சாக்கும் ஒரு கம்பளியும் எடுத்து வந்தார். கம்பளியை வாங்கி மேலே போர்த்தப் போனேன். "மேல எதுக்கு தம்பி? அடியில போடுங்க. குளிரு கீழருந்துல்ல வருது" என்றார். லடாக்கில் தூங்கிய ப்ரோவுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது. சாக்கு நான்கு அடுக்கு, அதன்மேல் கம்பளி. மலைப்பூண்டு வாசனையில் விடியும்வரை மூன்று மணி நேரம் தூங்கினேன். அந்த வாசனை சட்டையை விட்டுப் போக இரண்டு துவையல் ஆனது.

வீட்டுக்கு வந்ததும் ஓரத் தையலை நாலு விரல் நீளம் பிரித்தேன். முதலில் கையில் வந்தது இறகுதான், குச்சியோடு கூடிய கோழி இறகு மாதிரி. தையல் ஓரத்தில் மட்டும் ஒரு பிடி. தடவிப் பார்ப்பவர் கையில் சுருக்கென்று குத்த வேண்டும், ஆமா இறகுதான் என்று நம்ப வேண்டும், அதற்காக வைத்தது. அதைத் தாண்டி உள்ளே விட்டால் தலையணைப் பஞ்சு, பாலியெஸ்டர். ஒரு துளி எடுத்துத் தீக்குச்சியில் காட்டினேன். தூவி என்றால் முடி கருகும் நாற்றத்தோடு பொசுங்கிச் சாம்பலாகும். இது சுருங்கி உருகிக் கறுப்பு மணியாக இறுகியது, பிளாஸ்டிக் எரிந்த வாடை.

படத்தோடு அனுப்பினேன். அதுவரை ப்ரோவாக இருந்த நான் அந்த நிமிடமே சார் ஆனேன். "சார், ஜீரோ ரேட்டிங் சார், 6 டிகிரி அதுக்கு மேலதான சார். உங்களுக்கு பாடி ஹீட் கம்மியா இருக்கலாம்." அப்புறம், பிரித்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம், ஏழு நாள் கெடுவும் முடிந்தது என்றார்கள். பிரிக்காமல் உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன், நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. கடைசியாக 3,000 ரூபாய்க்கு ஒரு கூப்பன், அவர்கள் கடையிலேயே வாங்கிக்கொள்ள!

அந்த ஜீரோ பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்லீப்பிங் பேக்குக்கு ஐஎஸ்ஓ 23537 என்று ஒரு தர அளவு இருக்கிறது. சூடேற்றிய பொம்மையை உள்ளே படுக்கவைத்து அளப்பார்கள். அதில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று தனித்தனி எண்கள் வரும். கம்ஃபர்ட் என்பது நிம்மதியாகத் தூங்குவதற்கு. எக்ஸ்ட்ரீம் என்பது உயிரோடு இருப்பதற்கு, அதுவும் உடம்பு விறைக்கும் ஆபத்தோடு. கடைக்காரர்கள் கூசாமல் எக்ஸ்ட்ரீம் எண்ணை எடுத்து முன்னால் ஒட்டுவார்கள். அண்டர்கில்ட் கதை இன்னும் மோசம், அந்தத் தர அளவு ஸ்லீப்பிங் பேக்குக்குத்தான், இதற்குக் கிடையாது. அதில் போட்டிருக்கும் எண் செய்தவருடைய சொல் மட்டுமே. அமெரிக்காவில் இதையே தொழிலாகச் செய்யும் சின்னக் கடைகள் உள்ளே எத்தனை அவுன்ஸ் தூவி என்று பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள், அதைப் பார்த்து நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். டிகிரி சொல்லி கிராம் சொல்லாத கடையில் இனி நான் ஒரு ரூபாய்க்கு வாங்க மாட்டேன். மொத்த எடை எவ்வளவு, அதில் நிரப்பியது எவ்வளவு, அறைத் தடுப்பு உண்டா, விரித்த ஹாமாக்கின் நீளம் டேப் வைத்து எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள், அன்றே தராசில் வையுங்கள், அன்று ராத்திரியே விளக்கை அணைத்து அடியில் டார்ச் அடியுங்கள். நான் இரண்டு மாதம் பரணில் போட்டு வைத்திருந்தேன்.

நியாயமாக ஒன்றும் சொல்லிவிடுகிறேன். வார் நன்றாக இருந்தது, இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். டாப்கில்ட்டும் பாலியெஸ்டர்தான், ஆனால் போர்வையாக ஓடுகிறது. டார்ப் பற்றிப் பேசாமல் இருப்பதே மேல்.

பணத்துக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகார் பதிவானது, கடைக்கும் போனது, பதில் வரவில்லை. ஆன்லைன் கடைகளுக்கான 2020 விதிகளின்படி புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை, அதையும் மனுவில் எழுதினேன். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை வேறு மாநிலத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம், 2019 சட்டத்தில் அந்த வசதி இருக்கிறது. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வைக்கவில்லை, நானேதான் ஆன்லைனில் ஏற்றினேன். பில் இல்லாதது பெரிய தலைவலி. வாட்ஸ்அப் பேச்சு, யூபிஐ ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், இவற்றை வைத்துத்தான் ஒப்பேற்றியிருக்கிறேன். கார்டில் கட்டியிருந்தால் வங்கி வழியாகவும் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கலாம்.

இப்போது மலைக்குப் போனால் ஒன்பது அடி ஹாமாக்கை வீட்டிலேயே விட்டுவிடுகிறேன். 11 அடிக்கு நைலான் துணி வாங்கி டெய்லர் அக்காவிடம் கொடுத்து இரண்டு முனையும் தைத்தாயிற்று. அடியில் நசுங்காத நுரைப் பாய், தோளுக்குக் குறுக்கே அதிலேயே ஒரு துண்டு, மேலே கம்பளி. நுரைப் பாய் ராத்திரியில் நழுவும், வேர்க்கவும் செய்யும், அண்டர்கில்ட் சுகம் வராது. ஆனால் போன மாதம் இதே பூம்பாறையில் 8 டிகிரியில் ஐந்து மணிவரை தூங்கினேன். காவல்கார அண்ணனுக்கு மதுரையிலிருந்து ஒரு புதுக் கம்பளி வாங்கிப் போனேன். "பழசே போதும் தம்பி" என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

பிரித்த கில்ட் சாட்சிப் பொருளாகப் பரணில் இருக்கிறது, அடுத்த வாய்தாவுக்கு எடுத்துப் போக வேண்டும். நேற்று அந்த இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்தேன். பெயரை மாற்றியிருக்கிறார்கள். அதே பனிமலை, அதே ஆரஞ்சு ஹாமாக், அதே பெண். ஜீரோ இருந்த இடத்தில் இப்போது மைனஸ் 5.