கிராஃப்டில் காசநோய்: எடுத்துவிடுவதா, மருந்தோடு விட்டுவைப்பதா?

அப்பாவின் தொடையில் வைத்த கிராஃப்டில், அதாவது செயற்கை ரத்தக்குழாயில், காசநோய்க் கிருமி இருக்கிறது என்று தெரிந்தபோது எங்களுக்கு இரண்டு வழிகள்தான் இருந்தன. கிராஃப்டை எடுத்துவிட்டு அவருடைய காலிலிருந்தே சிரையை எடுத்து அங்கே தைப்பது, இல்லையென்றால் கிராஃப்டை அப்படியே விட்டு மாத்திரையால் அடக்குவது. நாங்கள் எடுத்துவிட்டோம், இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

மாத்திரை இரண்டிலும் உண்டு. முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், அப்புறம் ரிஃபாம்பிசினும் ஐசோநியாசிடும். நுரையீரல் காசநோய்க்கு வழக்கமாக 6 மாதம், கிராஃப்ட் என்றால் பெரும்பாலும் 9 முதல் 12 மாதம், சிலருக்கு அதற்கும் மேல்.

மருந்து மட்டும் போதும் என்பதில் பெரிய லாபம், கத்தி வேண்டாம். இதயம் பலவீனமானவருக்கோ, வயிற்றுக்குள் பெருந்தமனியில் கிராஃப்ட் இருப்பவருக்கோ அது நியாயமான முடிவாக இருக்கலாம். எங்கள் அனுபவம் தொடையோடு சரி. ஆனால் கிராஃப்ட் நெய்த டேக்ரான் என்ற செயற்கைத் துணிக்கு ரத்த ஓட்டம் கிடையாது, கிருமி அதில் ஒட்டிக்கொண்டே இருக்கலாம், தையல் விட்டுப்போனால் ரத்தம் கொட்டும். ஸ்கேன், காய்ச்சல், பயம் என்று வருடக்கணக்கில் போகும்.

எங்களை முடிவெடுக்க வைத்தது வார்ஃபரின், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. பழைய கிராஃப்ட் அடைத்துக்கொள்ளாமல் இருக்க அப்பா அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டிவிட்டு வார்ஃபரினை வேகமாகச் சிதைத்துவிடும். 4 மில்லிகிராமில் நின்றிருந்தவருக்கு 9 வரை ஏற்றியும் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு) 2-ஐத் தொடவில்லை, வாரத்துக்கு இரண்டு முறை ஊசி குத்தி ரத்தம் எடுத்து முழங்கை மடிப்பெல்லாம் நீலம் பூத்திருந்தது. ரிஃபாம்பிசினை நிறுத்தும்போது அதே ஐஎன்ஆர் தாறுமாறாக ஏறும், அப்போது ரத்தக்கசிவு பயம். அபிக்சபான், ரிவராக்சபான் போன்ற புது மருந்துகளுக்கு மாறலாமே என்றால் அவற்றையும் ரிஃபாம்பிசின் விடுவதில்லை. சொந்தச் சிரை வைத்தபின் சர்ஜன் வார்ஃபரினை நிறுத்தி ஆஸ்பிரின் மட்டும் கொடுத்தார், அந்த அலைச்சல் அன்றோடு நின்றது. இதயத் துடிப்புக் கோளாறுக்காக வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இந்த லாபம் கிடைக்காது.

ரிஃபாம்பிசினில் ஊறவைத்த புது டேக்ரான் குழாய் பற்றியும் பேசினோம். நல்ல சிரை இல்லாதவருக்கு அது உதவும், கிருமிக்கு ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இருந்தால் பயனில்லை.

எந்த வழியானாலும் முதலில் நோய் பிடிபட வேண்டும். அப்பாவின் தழும்பில் கடுகளவு துளை, வேட்டி நனையும் அளவுக்குத் தெளிந்த நீர், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் மூன்று முறையும் 'வளர்ச்சி இல்லை'. இந்தக் கிருமி ஒருமுறை பெருகவே கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும், சாதாரண கல்ச்சரில் சிக்காது. திசுவை ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கும் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) காசநோய்க் கல்ச்சருக்கும் அனுப்பச் சொல்லி நீங்களே கேளுங்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு பிசிஜி (காசநோய்த் தடுப்பூசியில் உள்ள, பலவீனமாக்கிய உயிருள்ள கிருமி) ஏற்றியவர் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அந்தக் கிருமிக்கு அந்த நான்கு மருந்துகளில் ஒன்றான பைராசினமைடு வேலை செய்யாது.