தினமும் ஒரு பக்கமா, வாரத்துக்கு ஒரு தாளா?

மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் ‘மலர்’ என்று பத்து முறை எழுதி வரச் சொல்லிப் பாருங்கள். முதலில் மேலிருந்து கீழாகப் பத்து ‘ம’ வரும், பக்கத்தில் பத்து ‘ல’, அப்புறம் பத்து ‘ர’, கடைசியில் மொத்தமாகப் பத்துப் புள்ளி. நோட்டைத் திறந்தால் பத்து மலரும் வரிசையாக, அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை அந்தச் சொல்லை ஒரு தடவைகூட எழுதவில்லை. நானும் சின்ன வயதில் இப்படித்தான் எழுதினேன், இப்போது அதே நோட்டுகளைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் நாலு பேர் கூடினால் வீட்டுப்பாடப் பேச்சு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். தினமும் அன்றைய பாடத்திலிருந்து கொஞ்சம் கொடுக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. திங்கட்கிழமை ஒரே தாளாகக் கொடுத்து வெள்ளிக்கிழமை வாங்கிக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. நான் இரண்டிலும் இருந்திருக்கிறேன், முழுசாக ஓர் ஆண்டு இது, ஓர் ஆண்டு அது. இப்போது வாரத்தாள் பக்கம்தான் சாய்கிறேன், ஆனால் அதைக் கொடுத்து வாங்கினால் மட்டும் போதும் என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

தினசரிக்கு இருக்கும் நல்ல விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் நடத்தினது சாயங்காலம் வரை மனதில் இருக்கும், பிள்ளைக்கு ஒரு நேரம் பழகும், தப்பு இருந்தால் மறுநாளே பிடித்துவிடலாம். சரி, பிடிக்கிறோமா? 35 பிள்ளைகள், நோட்டுக்கு 2 நிமிடம் என்றாலும் தினமும் 70 நிமிடம், வாரத்துக்கு 175 நோட்டு. அதற்கு எந்தப் பீரியடில் நேரம்? அதனால் என்ன நடக்கிறது என்றால், பக்கத்தின் குறுக்கே ஒரு பெரிய டிக், ஒரு கையெழுத்து, தேதி, அடுத்த நோட்டு. அப்படி டிக் போட்ட பக்கம் ஒன்றைப் பிறகு நிதானமாகப் பார்த்தேன். 52 − 27 = 35 என்று இருந்தது. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிப்பதுதான் கழித்தல் என்று பையன் பிடித்து வைத்திருக்கிறான், ஒன்றின் இடத்தில் 7இலிருந்து 2ஐக் கழித்துவிட்டான். அந்தப் பக்கத்தில் பத்துக் கணக்கு, பத்திலும் அதே தப்பு. வீட்டுப்பாடம் கொடுத்து அவனைத் தப்பில் நன்றாகப் பழக்கிவிட்டு, மேலே நானே டிக்கும் போட்டிருக்கிறேன்.

வாரத்தாளில் திருத்தும் சுமை 35 தாளாக இறங்குகிறது. என் தாள் ஏ4 அளவு, இரண்டு பக்கம், திங்கள் முதல் வியாழன் வரை நான்கு கட்டம். அதைத் தயாரிக்க அடுத்த வாரம் என்ன நடத்தப்போகிறேன் என்று முன்கூட்டியே யோசித்தாக வேண்டும், இது எனக்குக் கிடைத்த இலவச ஒழுங்கு. வீட்டுக்கும் வசதி. ஒருநாள் பிள்ளைக்குக் காய்ச்சல், ஒருநாள் பெற்றோர் வேலை முடிந்து வர நேரமாகிவிட்டது என்றால் டைரியில் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியதில்லை, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

இதன் பெரிய ஓட்டை வியாழக்கிழமை ராத்திரி. முதல் ஆண்டு எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தது பென்சில்தான். திங்கள் கட்டத்தில் எழுத்து மெல்லிசாக, கூராக இருக்கும். செவ்வாயில் கொஞ்சம் தடிக்கும். வியாழன் கட்டத்துக்கு வரும்போது முனை மழுங்கி, கரி பூசின மாதிரி எழுத்து. நான்கு நாள் வேலையும் ஒரே உட்காரலில், நடுவில் ஒருமுறைகூடப் பென்சில் சீவாமல்! சில தாள்களில் பாதிக்கு மேல் கையெழுத்தே மாறியிருந்தது. பிள்ளை தூங்கிப்போயிருக்கும், பாவம் அம்மாவோ அண்ணனோ முடித்துக் கொடுத்திருப்பார்கள்.

இது வெறும் சோம்பல் சமாசாரம் இல்லை. ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறோம் என்று அளந்து வெளியிட்டது 1885இல். அதே பயிற்சியை ஒரே மூச்சில் செய்வதைவிட இடைவெளி விட்டுச் செய்தால் அதிக நாள் நிற்கும் என்பதற்கு அன்றிலிருந்து சான்று குவிந்துகொண்டே இருக்கிறது. 2006இல் செப்பேடாவும் சக ஆய்வாளர்களும் தொகுத்துப் பார்த்ததில் மட்டும் 317 சோதனைகள். ஆக, வாரத்தாள் அச்சில் இடைவெளிப் பயிற்சி, நடைமுறையில் வியாழன் ராத்திரி மூட்டை. இந்த ஒரு விஷயத்தில் தினசரிக் கட்சி சொல்வதுதான் சரி.

நான் செய்த மாற்றம் சின்னது. தாள் தினமும் பள்ளிக்கு வர வேண்டும். காலையில் முதல் 5 நிமிடம், பக்கத்தில் இருப்பவரோடு நேற்றைய கட்டத்தை ஒப்பிட வேண்டும், விடை வேறுபட்டால் யார் சரி என்று இருவரும் பேசித் தீர்க்க வேண்டும். மதிப்பெண் கிடையாது, திட்டும் கிடையாது. செய்யாமல் வந்தவர் அங்கேயே ஒரு கேள்வியைக் கூட்டாளியோடு சேர்ந்து செய்துவிடலாம். சில வாரத்தில் மழுங்கின பென்சில் குறைந்தது, முழுசாகப் போய்விடவில்லை.

அப்புறம் கட்டத்துக்குள் என்ன வைப்பது என்பது. தினசரி வீட்டுப்பாடம் இயல்பாகவே அன்றைய பாடத்தோடு நின்றுவிடும்: இன்று கடன் வாங்கிக் கழித்தல் என்றால் பத்தும் அதே கழித்தல். எதைச் செய்வது என்று பிள்ளை யோசிக்கவே தேவையில்லை, முதல் கணக்கைப் பார்த்து மீதி ஒன்பதையும் ஓட்டிவிடலாம். வாரத்தாளில் கலக்க முடியும். ஒரு கழித்தல், போன மாதத்து வாய்ப்பாட்டில் ஒன்று, ஒரு வாக்கியக் கணக்கு. கணக்கு வகைகளைக் கலந்து பயிற்சி செய்தால் பயிற்சியின்போது மதிப்பெண் குறையும், பிறகு நடக்கும் தேர்வில் கூடும் என்று ரோரர், டெய்லர் என்ற ஆய்வாளர்கள் 2007இல் காட்டினார்கள். அது கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தது, இருந்தாலும் என் வகுப்பிலும் அப்படித்தான் தெரிகிறது. இதைப் பெற்றோருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் “போன வருஷம் பத்துக்குப் பத்து வாங்கினான் மிஸ், இப்போ ஆறுதான் வருது” என்று வாசலில் நிற்பார்கள்.

வெள்ளிக்கிழமை சொல்வதெழுதுதலும் இதே கதைதான். பத்துச் சொல் கொடுத்து, வெள்ளியன்று அதே பத்தைக் கேட்டால் வகுப்பே பத்துக்குப் பத்து வாங்கும், திங்கட்கிழமை சொந்த வாக்கியம் எழுதச் சொன்னால் அதே சொல் தப்பாக வரும். இப்போது ஆறு புதுச் சொல், நாலு பழைய சொல் கேட்கிறேன், பழையது எது என்று சொல்வதில்லை. வீட்டில் பத்து முறை எழுதும் வேலையை அறவே நிறுத்திவிட்டேன். பார், மூடு, எழுது, திறந்து சரிபார், அவ்வளவுதான், சொல்லுக்கு இரண்டு தடவை போதும். மூடிவிட்டால் ‘ம’வை மட்டும் வரிசையாக இறக்க முடியாது. திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்ப்பது ஒரு வாரம் கழித்தும் நிற்கிறது என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் சொன்னதற்குத் தொடக்கப் பள்ளியில் இதைவிட எளிய வடிவம் எனக்குத் தெரியவில்லை.

ஒன்பது கட்டம் போட்டு, பிடித்த மூன்றைச் செய்து வா என்று கொடுக்கும் தேர்வுக் கட்டம் இணையத்தில் நிறைய உலாவுகிறது. பார்க்க வண்ணமாக இருக்கும். பிள்ளைகள் எப்போதும் படம் வரைவதை எடுப்பார்கள், மாதிரி உருவம் செய்வதை அப்பாக்கள் எடுப்பார்கள். பருவத்துக்கு ஒருமுறை வைத்துக்கொள்ளலாம், வாராவாரம் வேண்டாம்.

அளவு எவ்வளவு? அமெரிக்க ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பரும் சகாக்களும் 2006இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு மேல்வகுப்புகளில் வலுவாகவும் கீழ்வகுப்புகளில் பலவீனமாகவும் இருந்தது. அவர் பெயரோடு பேசப்படும் பத்து நிமிட விதிப்படி முதல் வகுப்புக்குத் தினம் 10 நிமிடம், மூன்றாம் வகுப்புக்கு 30. சீனா 2021இல் கொண்டுவந்த விதியில் முதல் இரண்டு வகுப்புகளுக்கு எழுத்து வீட்டுப்பாடமே இல்லை, 3 முதல் 6 வரை நாளுக்கு 60 நிமிடத்துக்கு மேல் கூடாது. இந்தியாவின் 2020 பள்ளிப் பை கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்கிறது, ஆனால் 3 முதல் 5 வரை கணக்கிடுவது வாரத்துக்கு: அதிகபட்சம் 2 மணி நேரம். எனக்கு வாரக் கணக்குதான் பிடிக்கிறது. நாளுக்கு இவ்வளவு என்று சொன்னால் அந்த அளவை நிரப்பியே ஆக வேண்டும் என்று ஆகிவிடுகிறது. என் தாளின் ஒரு கட்டம் 15 நிமிடத்தைத் தாண்டினால் பெற்றோர் அங்கேயே கோடு போட்டு நிறுத்திவிடலாம், அந்தக் கோடே எனக்கு ஒரு செய்தி. முதல், இரண்டாம் வகுப்புக்குத் தாளே வேண்டாம். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து 10 நிமிடம் கதைப் புத்தகம் வாசித்தால் போதும்.

இனி வகுப்பறை. மொத்த வகுப்பையும் வைத்து ஒரே செயல்பாடு, அல்லது நான்கு மூலையில் நான்கு வேலை வைத்துக் குழுக்கள் சுற்றி வருவது. புதுப் பாடத்துக்கு முதலாவதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தெரியாத விஷயத்தை மூலையில் உட்கார வைத்துக் கண்டுபிடி என்றால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று செய்யும், மற்றதெல்லாம் பார்த்து எழுதும். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு மூலைகள்தான். சத்தம் வரத்தான் செய்யும், பக்கத்து வகுப்பு டீச்சர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். வியாழன் வரை காலையில் சுற்றிவரும்போதே யார் தாளில் என்ன தப்பு என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வைத்திருப்பேன், ஒரே தப்பைச் செய்தவர்கள் ஒரே குழு. மூன்று மூலையில் வாசிப்பு, சொல் விளையாட்டு, வாய்ப்பாட்டு அட்டை தானாக ஓடும். நான்காவதில் நான் உட்கார்ந்திருப்பேன்.

அந்த 35 போட்ட பையனை மாதிரியே இன்னொருவன் அடுத்த ஆண்டும் வந்தான், கூட இன்னும் நாலு பேர். இந்தத் தடவை தப்பு செவ்வாய்க்கிழமையே தெரிந்துவிட்டது. ஐந்து பத்துக் கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் மேசையில் வைத்து, ஏழு குச்சியை எடு என்றேன். இரண்டு குச்சியையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான்.

“மிஸ், மீதி இல்லையே. ரப்பர் பேண்டைக் கழட்டலாமா?”

அடுத்த திங்கள் கட்டத்தில் 52 − 27ஐ மறுபடியும் வைத்தேன். விடை சரியாக இருந்தது, பக்கத்தில் அவிழ்ந்த குச்சிக் கட்டு ஒன்றையும் வரைந்திருந்தான். பென்சில் கூராகத்தான் இருந்தது.