டாலர் பில்லா, ரூபாய் பில்லா? ஒரு ஆன்லைன் சேலைக் கடையின் அனுபவம்

சேலம் பக்கம் இளம்பிள்ளையில் தறிக்காரர்களிடம் சேலை எடுத்து ஆன்லைனில் விற்கிறோம். ஆரம்பத்தில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தான் கடை. ஆர்டர் நாளுக்கு முப்பதைத் தாண்டியதும், "அந்த மெரூன் இருக்கா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லவே பாதிப் பொழுது போனது. சொந்த வெப்சைட் போட்டோம். முதலில் டாலரில் சந்தா வாங்கும் வெளிநாட்டு ஸ்டோர் சாஃப்ட்வேர், ஒன்றரை வருடம் கழித்து ரூபாயில் பில் போடும் நம் நாட்டுச் சாஃப்ட்வேர். இப்போது இரண்டாவதில்தான் இருக்கிறேன், அதனால் சாய்வு இருக்கும்.

அழகில் டாலர்காரன்தான் ஜெயிப்பான். கூரியர் இணைப்பு, யுபிஐ வசூல் இரண்டிலும் உண்டு. மாத வாடகையிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

எங்களை மாற வைத்தது, அந்த வாடகையைக் கட்டும் விதம். 2021 அக்டோபர் 1 முதல், கார்டில் மாதாமாதம் தானாகப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதிப்படி முன்கூட்டியே நம் ஒப்புதலைப் பதிவு செய்வதும், ஒவ்வொரு முறையும் 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பும் வேண்டும். எங்கள் சந்தா அந்த ஏற்பாட்டுக்குள் வரவில்லை; பேங்க் திருப்பி அனுப்பிவிட்டது. எச்சரிக்கை மெயில் ராத்திரி இரண்டு மணிக்கு ஆங்கிலத்தில் வந்து ஸ்பாமில் கிடந்தது. தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு கடை மூடிக்கொண்டது. திருச்சியிலிருந்து வாடிக்கையாக வாங்கும் அக்கா போன் செய்து, "என்ன தம்பி, கடையை மூடிட்டீங்களா?" என்று கேட்டபோதுதான் எனக்கே தெரியும். கையிலிருந்த ரூபே கார்டு அங்கே செல்லவில்லை. மச்சானின் கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து கட்டி முடிக்க ஒன்றரை நாள். நல்ல வியாபார நாள் அது.

அதோடு விடவில்லை. ஜிஎஸ்டி நம்பர் கொடுத்திருந்ததால் டாலர் பில் வரியில்லாமல் வந்தது. லாபம் என்று நினைத்தேன். ஆடிட்டர் கேட்டார்: "சார், இதுக்கு ரிவர்ஸ் சார்ஜ் கட்டினீங்களா?" அதாவது, விற்கிறவர் போடாத வரியை வாங்குகிற நாம் கட்டுவது. 18 சதவீதத்தை நாமே ரொக்கமாகக் கட்ட வேண்டும், இருக்கிற இன்புட் கிரெடிட்டில் (சரக்கு வாங்கும்போது கட்டிய வரியின் வரவில்) கழிக்க முடியாது. பிறகு கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம் என்றாலும், தாமதத்துக்கான வட்டி நம் கைக்காசு.

ரூபாய்க்காரர்கள் வருடச் சந்தாவை யுபிஐயில் வாங்கிக்கொள்கிறார்கள். பில்லில் எங்கள் ஜிஎஸ்டி நம்பர் இருக்கிறது, ஜிஎஸ்டி தளத்தில் நம் கிரெடிட்டைக் காட்டும் 2பி பட்டியலில் அதுவாக வந்து உட்காருகிறது. புதுப்பிக்கும் நாளுக்கு முன்பு ஒரு பெண் தமிழில் போன் செய்கிறார். எனக்குப் பிடித்தது இன்னொன்று: கெடு தாண்டினால் ஏழு நாள் வரை எங்கள் அட்மின் பக்கத்தை மட்டும் பூட்டுகிறார்கள், வாடிக்கையாளர் பார்க்கும் கடை திறந்தே இருக்கிறது. நம்மைப் போன்றவர்களிடம் விற்க வரும் கம்பெனிகள் புது வசதிகளை அடுக்குவதற்கு முன் இதைச் செய்தால் போதும்.

குறை இல்லாமல் இல்லை. ரிப்போர்ட் பக்கம் ஆமை வேகம். தமிழ்ப்படுத்திய லட்சணம் என்னவென்றால், பணம் கட்டும் பட்டனில் 'வெளியேறு' என்று போட்டிருந்தார்கள்! இரண்டு பேர் நிஜமாகவே வெளியேறிவிட்டார்கள். சொன்னதும் நாலு நாளில் மாற்றினார்கள்.

மலேசியா, சிங்கப்பூருக்குப் பாதி வியாபாரம் போகிறவர்களுக்கு டாலர் சாஃப்ட்வேரே சரிப்படலாம். அந்தந்த நாட்டுக் காசில் விலை காட்டுவதில் அது கெட்டி. எங்களுக்கு மாதம் நாலைந்து பார்சல்தான் போகிறது, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் உள்ளே வந்தால் எது தாங்கும் என்றும் சோதிக்கும் அளவுக்கு எங்கள் கடை வளரவில்லை.

மாறுவதானால் தீபாவளி முடிந்த வாரத்தில் மாறுங்கள். 640 சேலைகளின் விவரத்தை எக்செலில் ஏற்ற எங்களுக்கு ஆறு ராத்திரி ஆனது. இன்ஸ்டாகிராமில் போட்டிருந்த பழைய லிங்குகள் எல்லாம் செத்தன. அவற்றை இன்னும் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறேன்.